டிக்கெட்டைப் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்களா? உறை செய்வதிலிருந்து கையில் கொடுப்பது வரை

பரிசுகளில் டிக்கெட் ஒரு தனி ரகம். கடிகாரமோ புத்தகமோ என்றால் பிரித்தவுடன் பொருள் கைக்கு வந்துவிடும். டிக்கெட்டில் கைக்கு வருவது ஒரு துண்டுக் காகிதம். பல நேரம் அதுகூட இல்லை, போனில் தெரியும் ஒரு கியூஆர் கோடு மட்டும்தான். நாம் கொடுப்பது இனிமேல் வரப்போகிற ஒரு நாள். அதை மெசேஜில் அனுப்பிவிட்டு "பார்த்தியா?" என்று கேட்டால், எவ்வளவு ஆசையாக வாங்கிய டிக்கெட்டும் அன்றைய நூறு மெசேஜ்களில் ஒன்றாகிவிடும்.

அதனால் டிக்கெட்டைச் சுற்றித் தருகிற உறைக்கு இரண்டு வேலை. அந்த நாளை இப்போதே கண்முன் கொண்டுவர வேண்டும். டிக்கெட்டுக்குச் சேதமில்லாமல் அரங்கின் வாசல்வரை கொண்டு சேர்க்கவும் வேண்டும். அலங்காரத்துக்காக டிக்கெட்டை மடித்து, ஒட்டி, சுருட்டி, பளபளப்புத் தூள் தூவிவிட்டு, வாசலில் ஸ்கேன் ஆகாமல் நிற்பதில் என்ன லாபம்? இரண்டு வேலைகளும் மோதினால் இரண்டாவதற்குத்தான் முதலிடம். இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. அலங்காரம் எல்லாம் நாமே செய்கிற மாதிரி டிக்கெட்டில், அசல் தனியாகப் பத்திரமாக. கீழே சொல்கிற செய்முறைகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை டிக்கெட்?

காகிதம் வாங்கப் போவதற்கு முன் டிக்கெட்டை நிதானமாகப் பாருங்கள்.

கவுண்டரில் அச்சடித்துக் கொடுக்கிற டிக்கெட்டுகள் பலவும் தெர்மல் பேப்பர். இதில் மையே கிடையாது. காகிதத்தின் மேலே பூசிய ரசாயனம் சூடு பட்டால் கறுக்கும், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில், எழுத்து இல்லாத இடத்தில், நகத்தால் வேகமாக ஒரு கோடு கிழியுங்கள். கருங்கோடு விழுந்தால் அது தெர்மல். இந்த வகை டிக்கெட்டைச் சூட்டில் லேமினேஷன் செய்யக் கூடாது, முழுத் தாளும் கறுத்துவிடும். சுருக்கம் எடுக்க அயர்ன் பாக்ஸ் வைக்கக் கூடாது. சூடான பசைத் துப்பாக்கியையும் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். உறையின் மேல் அரக்கு முத்திரை வைக்க ஆசையா? டிக்கெட்டை வெளியே எடுத்துவிட்டு முத்திரையை வையுங்கள், அரக்கு நன்றாக ஆறியபின் பக்கவாட்டு வழியாகத் திரும்ப உள்ளே செருகிக்கொள்ளலாம். சானிடைசர் போட்ட ஈரக் கையால் தொட்டாலும் எழுத்துப் பாதிக்கப்படும். பிவிசி பிளாஸ்டிக் உறையில் நீண்ட நாள் வைத்தால் எழுத்து மங்கும். நிகழ்ச்சிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றால் சாதாரணக் காகித உறைதான் நல்லது.

அடுத்தது, மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப். இதுதான் இருப்பதிலேயே வசதி. எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிண்ட் எடுக்கலாம்.

மூன்றாவது, செயலிக்குள் மட்டுமே இருக்கும் டிக்கெட். சில செயலிகளில் கியூஆர் கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்து ஃபிரேம் போட்டாலும் வாசலில் செல்லாது. இந்த வகையை உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றித்தர வேண்டியிருக்கும். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. மாற்றுகிற பொத்தானை அழுத்தியதுமே அவருக்கு மின்னஞ்சல் போய்விடும். ஆச்சரியம் அங்கேயே அவிழ்ந்துவிடும். பரிசைப் பிரித்த பிறகுதான் அந்தப் பொத்தான்.

கடைசியாக, மணிக்கட்டில் கட்டும் பட்டை. பெரும்பாலானவை ஒருமுறை இறுக்கினால் கழற்ற முடியாத பூட்டு உள்ளவை. அதைக் கரடி பொம்மையின் கையில் மாட்டித் தரலாம் என்று தோன்றும். மாட்டுங்கள், ஆனால் பூட்டை ஒரு ‘கிளிக்’ அளவுகூட நகர்த்தாமல், இரு முனையையும் மெல்லிய நூலால் கட்டி.

எந்த வகையாக இருந்தாலும் மூன்று விவரங்களை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: டிக்கெட்டில் பெயர் இருக்கிறதா, இருந்தால் மாற்ற முடியுமா, அடையாள அட்டை கேட்பார்களா. வாங்கியவர் பெயரும் வருபவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், எவ்வளவு அழகான பெட்டி செய்தாலும் பயனில்லை.

மாதிரி டிக்கெட்

கணினியில் கோலம் போடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு எழுத்துக் கோப்பில் 20 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். வலப்பக்கம் 5 செ.மீ. விட்டு மேலிருந்து கீழாக ஒரு புள்ளிக்கோடு. அந்தக் கோடு ஒன்றே போதும், பார்த்தவுடன் இது டிக்கெட் என்று கண் சொல்லிவிடும். இடப்பக்கம் நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம், இடம். வலப்பக்கத் துண்டில் இருக்கை எண்ணும் பரிசு பெறுபவரின் பெயரும். கணினி வேண்டாம் என்றால் கையால் எழுதுங்கள். கையெழுத்தில் ஒரு டிக்கெட் வாங்கியவர்கள் அதை எளிதில் தூக்கிப் போடுவதில்லை.

200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) அட்டையில் அச்சடித்தால் கைக்கு டிக்கெட் போலவே கனமாக இருக்கும். வீட்டு பிரிண்டர் அவ்வளவு தடிமனை இழுக்காவிட்டால் சாதாரணத் தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். புள்ளிக்கோட்டின் மேல் தையல் ஊசியால் 2 மி.மீ. இடைவெளியில் குத்திக்கொண்டே போனால் உண்மையாகவே கிழிகிற துண்டு வந்துவிடும். கீழே ஒரு தடித்த துணியை மடித்து வைத்துக் குத்தினால் துளை சுத்தமாக விழும்.

மாதிரியில் கியூஆர் கோடோ பார்கோடோ போடவே வேண்டாம். பரிசைப் பிரிக்கும்போது எல்லோரும் படமெடுப்பார்கள், படம் ஊர் சுற்றும். ஒரு கியூஆர் கோடு ஒருமுறைதான் செல்லும். அதைப் பிரதி எடுத்த வேறொருவர் முதலில் போய் நின்றால், அசல் டிக்கெட்டுக்காரர் வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த இடத்தில் ஒரு சின்னப் படமோ இரண்டு வரிக் குறிப்போ போடுங்கள்.

அசலையே உறைக்குள் வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மடிப்பு கியூஆர் கோட்டின் மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தின் ஒரு பிரிவில் (இன்றைய டென்சோ வேவ்) மசாஹிரோ ஹாராவின் குழு உருவாக்கிய இந்த கியூஆர் கோட்டுக்குப் பிழை தாங்கும் சக்தி உண்டு. அதிகபட்ச அளவில் உருவாக்கியிருந்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும். ஆனால் உங்கள் டிக்கெட்டில் எந்த அளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது, குறைந்த அளவு என்றால் அது 7 சதவீதம்தான். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களும் சுற்றியுள்ள வெள்ளை ஓரமும் தெளிவாக இருக்கட்டும். ஸ்டிக்கர், டேப், ரிப்பன் எதுவும் அங்கே வேண்டாம்.

எது முதலில் கண்ணில் பட வேண்டும்?

அழகான காகிதத்தைவிட இந்தக் கேள்விதான் முக்கியம் என்பேன். பிரிக்கிறவர் எந்த வரிசையில் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறார் என்பதில்தான் முழு சுவையும். நிகழ்ச்சியின் பெயர் எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் வெறும் தகவல். நாள் முதலில் தெரிந்தால் "அன்னைக்கு என்ன?" என்று மனம் ஓட ஆரம்பிக்கும். பிறகு இடம். அதற்குப் பிறகு பெயர். கடைசியாக, யாரோடு போகிறோம்.

அந்தக் கடைசி விவரத்தை மறக்காதீர்கள். இரண்டு டிக்கெட் கொடுத்தால் இரண்டாவது யாருக்கு என்று வாங்குபவருக்கு உடனே ஒரு குழப்பம் வரும். உங்களைக் கூப்பிட வேண்டுமா, நண்பரைக் கூப்பிடலாமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கும். "நாம் ரெண்டு பேரும் போறோம்" என்றோ "இன்னொன்று நீ யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போ" என்றோ உள்ளேயே எழுதிவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை.

ஒரே ஏ4 அட்டையில் டிக்கெட் உறை

இதிலிருந்து ஆரம்பியுங்கள். அரைமணி நேரத்தில் முடியும், எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும். 20 × 8 செ.மீ. டிக்கெட் மடிக்காமல் உள்ளே போகும்.

ஏ4 அட்டையைக் குறுக்காக வையுங்கள். உயரம் 21 செ.மீ., அகலம் 29.7 செ.மீ. இருக்கும். அகலத்தை 24 செ.மீ. ஆக வெட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில் கை வைக்க வேண்டியதில்லை. இப்போது கீழ் விளிம்பிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு, 16 செ.மீ. உயரத்தில் இன்னொரு கோடு. இடமும் வலமும் ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே தள்ளி ஆளுக்கொரு கோடு. பென்சிலை மெலிதாகப் பிடியுங்கள்.

மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேலோடு அழுத்தி எல்லாக் கோடுகளையும் ஒருமுறை இழுங்கள். அட்டையில் சின்னப் பள்ளம் விழும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் மடித்தால் தடித்த அட்டை மடிப்பில் வெடித்து வெள்ளை நார் தெரியும், உறையின் முகமே கெட்டுவிடும்.

பக்கவாட்டு 1.5 செ.மீ. பட்டைகள் கீழ்ப்பகுதியின் 7 செ.மீ. உயரத்துக்கு மட்டும் இருக்கட்டும். அதற்கு மேலே உள்ளதை வெட்டி எடுத்துவிடுங்கள். மிஞ்சிய இரண்டு காதுகளையும் உள்பக்கம் மடித்து, அவற்றின் மேல் இருபக்க டேப் ஒட்டி, கீழ்ப்பகுதியை மேலே மடித்து அழுத்தினால் பை தயார். மேலே மிஞ்சியிருக்கும் 5 செ.மீ.தான் மூடி. மடித்தால் பையின் மேல் 3 செ.மீ. வந்து உட்காரும். திரவப் பசை வேண்டாம், ஈரத்தில் அட்டை வளையும், பை உள்ளே ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

மூடியின் வெளிப்பக்கம் பரிசு பெறுபவரின் பெயர், உள்பக்கம் நாள். மூடியைத் திறந்ததும் நாள், டிக்கெட்டை இழுத்ததும் நிகழ்ச்சி. மூடியை ஒட்டுவதைவிட ஒரு ரிப்பனால் குறுக்கே கட்டுங்கள், முடிச்சை அவிழ்க்கிற நேரமும் பரிசில் சேர்த்தி.

விரியும் பெட்டி

மூடியைத் தூக்கியதும் நான்கு சுவர்களும் சாய்ந்து பூப்போல் விரிகிற பெட்டி இது. நேரம் கேட்கும். ஒரு மாலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் டிக்கெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி எனக்குத் தெரியாது, ஏனென்றால் சுவர்களில் கதை சொல்ல இடம் இருக்கிறது.

1. தடித்த அட்டையில் 30 × 30 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். இரு பக்கமும் 10, 20 செ.மீ. கோடுகள் போட்டால் ஒன்பது சதுரங்கள் வரும். நான்கு மூலைச் சதுரங்களையும் வெட்டி எடுங்கள். கூட்டல் குறி போல மிஞ்சும். மடிப்புக் கோடுகளில் பேனாப் பள்ளம் போட்டு மேல்நோக்கி மடியுங்கள்.

2. இதேபோல் 28.5 செ.மீ. சதுரத்தில், 9.5 செ.மீ. கோடுகளோடு இரண்டாவது அடுக்கு. அதன் நடுச் சதுரத்தை மட்டும் முதல் அடுக்கின் நடுவில் ஒட்டுங்கள். சுவர்களை ஒட்டிவிட்டால் ஒவ்வொரு அடுக்காக விரியாது. இரண்டு அடுக்கு தாராளம். மூன்று வேண்டுமென்றால் 27 செ.மீ. சதுரம், 9 செ.மீ. கோடு.

3. மூடிக்கு 16.4 செ.மீ. சதுரம். எல்லா ஓரத்திலிருந்தும் 3 செ.மீ. உள்ளே கோடு போட்டு, ஒவ்வொரு மூலையிலும் ஒரு கோட்டில் மட்டும் வெட்டி, அந்தச் சின்னச் சதுரத்தை உள்ளே மடித்து ஒட்டுங்கள். மூடியின் உள் அளவு 10.4 செ.மீ. வரும். அந்தக் கூடுதல் 4 மி.மீ. தேவை. சுவர்களில் படம் ஒட்டியபின் பெட்டி கொஞ்சம் உப்பும், சரியாக 10 செ.மீ. மூடி இறங்காது. மூடி தளர்வாகவும் இருக்கக் கூடாது. சுவர்களைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான்.

4. வெளிச்சுவர்களில் பழைய படங்கள், சேர்ந்து போன இடங்கள். உள்சுவர்களில் குறிப்புகள்: ஒன்றில் நாள், ஒன்றில் நேரம், ஒன்றில் என்ன உடுத்தலாம், ஒன்றில் "கூட வருபவர்".

5. நடுவில் டிக்கெட். 20 செ.மீ. டிக்கெட் 10 செ.மீ. பெட்டியில் எப்படி? மடிக்காதீர்கள். ஒரு தடித்த மார்க்கர் பேனாவைச் சுற்றி நீளவாக்கில் சுருட்டுங்கள். 8 செ.மீ. உயரக் குழலாகிவிடும், நடுவில் நிமிர்ந்து நிற்கும். மெல்லிய ரிப்பனால் கட்டி, அடியில் பசை போடாமல் ஒரு சின்ன அட்டை வளையத்துக்குள் நிறுத்துங்கள். இங்கே வைப்பது மாதிரி டிக்கெட் என்பதால் சுருண்டு போனாலும் கவலையில்லை. அட்டைமேல் ஒட்டிய மாதிரியைச் சுருட்டினால் மடங்கும், அதனால் இந்தப் பெட்டிக்கு மட்டும் சாதாரணத் தாளில் அச்சடித்ததைப் பயன்படுத்துங்கள்.

சுரண்டினால் தெரியும் அட்டை

ஒரு அட்டையில் விஷயத்தை எழுதி அதன்மேல் வெள்ளிப் பூச்சு. நாணயத்தால் சுரண்டச் சுரண்ட எழுத்து வெளியே வரும். கடையில் வாங்க வேண்டியதில்லை.

எழுத்து இருக்கும் இடத்தின் மேல் பளபளப்பான, கண்ணாடி போன்ற பேக்கிங் டேப்பைக் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். மங்கலான டேப்பில் பூச்சு பிடித்துக்கொள்ளும், சுரண்ட வராது. இரண்டு பங்கு வெள்ளி அல்லது பொன்னிற அக்ரிலிக் பெயிண்டோடு ஒரு பங்கு பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கலக்குங்கள். நுரை வராமல் மெதுவாக. முதல் பூச்சைப் போட்டதும் கீழே இருக்கும் எழுத்து திட்டுத்திட்டாகத் தெரியும், தூரிகையின் தடமும் தெரியும். பதற வேண்டாம், முழுக்கக் காயவிட்டு இரண்டாவது பூச்சை எதிர்த்திசையில் இழுங்கள். தேவையென்றால் மூன்றாவது. காய்ந்தபின் அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் வழியாக எழுத்து தெரிந்தால் பின்னால் இன்னொரு அட்டை ஒட்ட வேண்டும்.

நாள், இடம், பெயர் மூன்றையும் தனித்தனி வட்டங்களில் மறைத்து 1, 2, 3 என்று எண் போட்டால், சுரண்டுகிற வரிசை உங்கள் கையில். அசல் டிக்கெட்டின் மேல் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். தெர்மல் பேப்பரில் டேப் ஒட்டினாலே எழுத்து மங்க ஆரம்பிக்கும்.

நிகழ்ச்சியே உறையைச் சொல்லும்

இசை நிகழ்ச்சி என்றால் பழைய சிடி உறை அருமையான பெட்டி. முன்னட்டை அளவு 12 × 12 செ.மீ. அந்த அளவில் நீங்களே ஓர் அட்டைப்படம் செய்யுங்கள்: முன்னால் பரிசு பெறுபவரின் படம், பின்பக்கம் பாடல் பட்டியல் போல அன்றைய நாளின் திட்டம். "1. நாலு மணிக்குக் கிளம்புகிறோம். 2. ஆறு மணிக்கு வாசல் திறக்கும்..." என்று. சிடி இருக்கிற வட்டத்தில் அதே அளவில் வெட்டிய அட்டை, அதில் இருக்கை எண். டிக்கெட் அளவில் பெரியதாக இருந்தால் டிவிடி உறைக்குப் போங்கள். அதன் மேலட்டை 27.3 × 18.3 செ.மீ., ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். கூடவே ஒரு ஜோடி காதடைப்பான் வைத்தால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவர் உங்களை வாழ்த்துவார்.

நாடகத்துக்குச் செருப்புப் பெட்டி மேடை. மேல்மூடியை எடுத்துவிட்டுப் பெட்டியை நீளவாக்கில் படுக்க வையுங்கள், திறந்த பக்கம் உங்களைப் பார்த்து. உள்ளே முழுக்கக் கறுப்புக் காகிதம். மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் துளை போட்டு ஒரு நூல் கட்டி, சிவப்புத் துணியில் இரண்டு துண்டுகளைத் திரையாகத் தொங்கவிடுங்கள். பெட்டியின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு மடிப்பாக விழும், சரியான அளவில் எடுத்தால் துண்டு காய்வது போல இருக்கும். பின்சுவரில் மாதிரி டிக்கெட்டைச் சின்னக் கிளிப்பில் நிறுத்துங்கள். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றைக் கூரையில் ஒட்டி, திரையை மூடிக் கொடுங்கள். திரையை விலக்குவது அவர் கையாக இருக்க வேண்டும்.

விளையாட்டுப் போட்டி என்றால் அணியின் பனியனையோ மஃப்ளரையோ உறையாக்குங்கள். தரையில் விரித்து, நடுவில் டிக்கெட் உறையை வைத்து, கைகளை உள்ளே மடித்துச் சுருட்டி, ஒரு பட்டையால் கட்டினால் போதும். பேப்பரே வேண்டாம். துணியில் பொதிவது பிடித்திருந்தால் ஜப்பானியர்களின் ஃபுரோஷிகி முறையையும் பார்க்கலாம். சதுரத் துணியின் நடுவில் மூலைவாட்டாகப் பெட்டியை வைத்து, எதிர் மூலைகளை இழுத்து முடிச்சுப் போடுவது. துணியின் மூலைக்கு மூலை நீளம் பெட்டியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு இருந்தால் முடிச்சுக்கு மிச்சம் இருக்கும்.

கண்காட்சி, அருங்காட்சியகம் என்றால் படச் சட்டம். இது சுலபம், விளக்க ஒன்றுமில்லை. சட்டத்தில் மாதிரி டிக்கெட், பின்னால் உறையில் அசல்.

பெரிய பெட்டி, பலூன், தேடல்

பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றோடு நிறுத்துங்கள். ஐந்தாவது பெட்டிக்கு வரும்போது முகத்தில் சிரிப்பு போய் அலுப்பு வந்துவிடும். இன்னொன்று, வெளிப்பெட்டிக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். அடியில் பழைய புத்தகம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தால் தூக்குபவரால் ஊகிக்க முடியாது.

பலூனில் வைக்க மாதிரி டிக்கெட்டை மெல்லிய தாளில் அச்சடித்துப் பென்சில் தடிமனுக்குச் சுருட்டி, ஊதுவதற்கு முன்பே வாய்வழியாகச் செருகிவிட வேண்டும். நிறம் அடர்த்தியாக இருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. ஹீலியம் அடைத்து மேலே பறக்கவிடுவதாக இருந்தால் கனத்தைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிராம் தூக்கும். 28 செ.மீ. பலூனில், ரப்பரின் எடை போக, சுமார் 10 கிராம் தாங்கும். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் முழுசாக 5 கிராம். ஆக மாதிரி டிக்கெட் தாராளமாகப் பறக்கும், தடித்த அட்டை என்றால் யோசிக்க வேண்டும். ஊதி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், மறுநாள் பலூன் இறங்க ஆரம்பித்திருக்கும். உடைந்த ரப்பர் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் மூச்சு அடைக்கும்.

வீட்டுக்குள் தேடல் வைப்பது குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். குறிப்புகள் ஐந்துக்குமேல் வேண்டாம். எழுதும்போது கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்: டிக்கெட் அலமாரியில் என்றால், அலமாரியைச் சொல்லும் குறிப்பு முதலில் எழுதி, அதை எங்கே ஒளிப்பது என்று பார்த்து, அந்த இடத்துக்கான குறிப்பு அடுத்து. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் குறிப்பு இடம் மாறாது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் ஒரு எழுத்து வைத்து, ஐந்தும் சேர்ந்தால் நிகழ்ச்சியின் பெயரோ ஊரோ வருகிற மாதிரியும் செய்யலாம்.

வயதானவர்களுக்கு இந்தப் புதிர் எல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய எழுத்தில், நல்ல உறையில், நேராகக் கையில் கொடுங்கள். எப்படிப் போவது, யார் கூட்டிக்கொண்டு போவார்கள், படிக்கட்டு இருக்கிறதா, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தால் அவர்களுக்கு அதுதான் பெரிய பரிசு.

நேரமே இல்லையா?

பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால்: ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா, வீட்டில் இருக்கும் ஒரு புத்தகம். தாளில் டிக்கெட் விவரத்தைக் கையால் எழுதி, புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே வைத்து, புத்தகத்தை நூலால் கட்டுங்கள். முதல் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு: "நேராக இத்தனையாவது பக்கத்துக்குப் போ." நிகழ்ச்சி நடக்கும் நாள் 14 என்றால் 14-ஆம் பக்கத்தில் வையுங்கள்.

தூரத்தில் இருப்பவருக்குத் தபாலில் அனுப்பும்போது மாதிரியை மட்டும் அனுப்புங்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, "நான் கூப்பிடும்வரை பிரிக்காதே" என்று மேலே எழுதிவிட்டு, வீடியோ அழைப்பில் பிரிக்கச் சொல்லலாம். வந்து சேர எத்தனை நாளாகும் என்பதோடு ஒரு வாரம் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் நேரமும் பிரித்த பிறகும்

முன்கூட்டியே கொடுத்தால் எதிர்பார்ப்பு நீளும், அவரும் விடுப்புக்குச் சொல்லிவைக்கலாம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் கொடுத்தால் பரபரப்பு அதிகம், ஆனால் அவருக்கு அன்று வேறு வேலை இருந்தால் முடிந்தது கதை. அதனால் கடைசி நேரம் என்று முடிவு செய்தால் அந்த நாளை வேறு ஏதாவது காரணம் சொல்லி முன்பே பிடித்து வைத்துவிடுங்கள். பொதுவான நாட்காட்டி, பொதுவான மின்னஞ்சல், வங்கிச் செய்தி வரும் போன், இவை மூன்றும் ரகசியத்தை உடைக்கும் வாசல்கள். மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால் பெட்டியோடு ஒரு சின்னக் கொத்து உறைகளும் கொடுக்கலாம். மாதத்துக்கு ஒன்று. ஒன்றில் இருக்கை வரைபடம், ஒன்றில் பாடல் பட்டியல், ஒன்றில் போகிற வழி. நிகழ்ச்சி நடக்கும் வாரத்தில் பிரிக்கிற கடைசி உறையில் அசல் டிக்கெட்.

பிரித்து முடித்த பத்தாவது நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கிழித்த கிஃப்ட் பேப்பர், ரிப்பன் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைக்குப் போடுவதற்குமுன் ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். அசல் டிக்கெட் உள்ளே இருந்திருந்தால் அது பேப்பரோடு பேப்பராகப் போவது இந்த நேரத்தில்தான். செயலி டிக்கெட் என்றால் இப்போதே அவர் கணக்குக்கு மாற்றிவிட்டு, அவர் போனில் திறந்து தெரிகிறதா என்று பக்கத்தில் இருந்தே பாருங்கள். அரங்கின் வாசலில் இணைய இணைப்பு மந்தமாக இருக்கும், அதனால் முடிந்தால் போனில் முன்பே சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி தள்ளிப்போனாலோ ரத்தானாலோ தகவல், டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கியவரின் மின்னஞ்சலுக்குத்தான் வரும், அதாவது உங்களுக்கு. பணம் திரும்புவதும் பெரும்பாலும் கட்டிய கணக்குக்கே. எனவே நிகழ்ச்சி முடியும்வரை அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்து, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒருமுறை பார்த்து, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தெர்மல் டிக்கெட்டை ஞாபகமாக வைத்துக்கொள்ள அவர் ஆசைப்பட்டால், எழுத்து மங்குவதற்குள் ஸ்கேன் செய்து ஒரு நகல் எடுத்துத் தரலாம்.